வரம்பில் கேட்ட சிங்களப் பாட்டு

போன கிழமை உழவு மெசினுக்கு டீசல் அடிக்கப் போனேன். அன்றைக்கு வரிசை இருக்கவில்லை, கானை நீட்டினதும் நிரப்பித் தந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓட்டோவுக்குள் ஒரு பாட்டுப் போய்க் கொண்டிருந்தது. மெட்டைக் கேட்ட உடனேயே என்ன பாட்டு என்று தெரிந்து விட்டது. "மெனிக்கே மகே ஹித்தே". டீசல் அடிக்கிற பெடியன் பம்பைப் பிடித்தபடி தலையை ஆட்டிக் கொண்டு நின்றான். அவன் எங்கட பெடியன்தான். பாட்டு சிங்களம். காசைக் கொடுத்து விட்டு மிச்சம் வாங்காமலே வந்து விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனுசி கேட்டா, "மிச்சக் காசு எங்கை?"

பாட்டைக் கேட்டு மறந்து போனேன் என்று சொன்னால் சிரிப்பா. ஆனால் காரணம் அதுதான். நெல்லும் தண்ணியும் மாடும் கன்றுமாக எழுதுகிற ஆள் நான். ஒரு காதல் பாட்டைப் பற்றி எழுத வருமென்று நினைக்கவில்லை. எங்கட ஊருக்குள் அந்தப் பாட்டு வந்து போன கதையை எழுதி வைத்தால் நல்லது என்று பட்டது.

2021 மே மாதம். கொரோனாவுக்காக நாடு முழுக்கப் பயணத்தடை. வயலுக்குப் போகிறவர்களை மட்டும் விட்டார்கள். இரணைமடுவுக்குக் கீழே எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி எல்லாருக்கும் காணாது. கூட்டம் வைத்துப் பிரித்தபோது என்ர பங்குக்கு ஒரு ஏக்கர்தான் வந்தது. அதை விதைத்து விட்டு, மிச்ச நேரம் வீட்டோடு இருந்தோம். மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி விட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த நேரம். கையில் போன், காதில் வயர். கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்பிப் பார்ப்பான்.

ஒரு நாள் வாய்க்கால் மறிக்க அவனையும் கூட்டிக் கொண்டு போனேன். மண்ணை வெட்டிப் போட்டுக் கொண்டே ஏதோ முணுமுணுத்தான்.

"என்னடா பாடுறாய்?"

"சிங்களப் பாட்டப்பா. கேளுங்கோ." காதில் இருந்த வயரில் ஒன்றைக் கழற்றி என்ர காதில் வைத்தான்.

நல்ல மெட்டு. பொய் சொல்லக் கூடாது. தண்ணி வாய்க்காலில் தடை இல்லாமல் ஓடுகிற மாதிரி ஒரு பெண்குரல். மேளதாள அமர்க்களம் ஒன்றுமில்லை. சொற்களை நெருக்கி நெருக்கி அடுக்கி, மூச்சு எங்கே விடுகிறா என்று தெரியாமல் பாடிக் கொண்டு போகிறா. ஆனால் சண்டைக்குப் போகிற ராப் இல்லை, உருகிற ராப். "இது ஹிப்ஹொப் அப்பா" என்று மகன் விளங்கப்படுத்தினான். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. நான் சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் சூடு மிதிக்கிற இரவுகளில் மாட்டின் காலடிக்கு ஏற்றபடி பெரியவர்கள் பொலி பாடுவார்கள். அதிலும் ராகம் குறைவு, சொல்லுக் கூட. நித்திரை வராமல் இருக்கப் பாடின பாட்டு அது. சொல்லை அடுக்கிப் பாடுகிற வேலை எங்கட களத்துக்குப் புதிது இல்லை.

பாட்டின் கதையையும் மகன்தான் சொன்னான். 2020இல் சதீஷன் என்ற பாடகர் டுலானோடு சேர்ந்து முதலில் வெளியிட்ட பாட்டு இது. வரிகள் டுலானுடையவை. அடுத்த வருடம் மே மாதம் யொஹானி டி சில்வா என்ற பிள்ளை அதே சதீஷனோடு இருந்து அதை மறுபடி பாடினா. இசை அமைத்தவர் சமத் சங்கீத். யொஹானியும் ராப் பாடித்தான் யூரியூப்பில் பேர் எடுத்தவ. ஒரு பெட்டையை நினைத்துப் பெடியன் பாடுகிற பாட்டை ஒரு பெட்டையே பாடினது எனக்குப் புதினமாக இருந்தது.

"சதீஷனோ? அப்ப எங்கட பெடியனோ?" என்று கேட்டேன்.

"சதீஷன் ரத்நாயக்க அப்பா" என்றான். பின்பாதியைக் கேட்டதும் சிரித்து விட்டேன்.

யூனில் பயணத்தடை எடுபட்டது. பாட்டு அதற்கு முந்தியே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்து விட்டது. யூலையில் அமிதாப் பச்சனுடைய பழைய ஆட்டம் ஒன்றுக்கு இந்தப் பாட்டைப் போட்டு வெட்டி ஒட்டின வீடியோவை அவரே பகிர்ந்தார். பிறகு ஓர் இந்திய விமானப் பணிப்பெண் ஆள் இல்லாத விமானத்துக்குள் இதற்கு ஆடின வீடியோ. சில மாதத்துக்குள் யூரியூப்பில் பத்துக் கோடி தரத்துக்கு மேல் பார்த்து விட்டார்கள். தமிழில் பாடினார்கள், மலையாளத்தில் பாடினார்கள். 2022இல் ஒரு ஹிந்திப் படத்திலும் வந்தது. சிங்களப் பாட்டு ஒன்று இப்படிக் கடல் தாண்டினது நான் அறிய அபூர்வம். எங்கட காலத்தில் சிலோன் மனோகரின் "சுராங்கனி" ஒன்றுதான் தமிழ்நாடு வரைக்கும் போய் ஆட்டிப் படைத்தது.

எங்கட ஊர்ப் பெடியள் லாண்ட் மாஸ்டரில் ஏறி நின்று இதற்கு டிக்டொக் செய்தார்கள். களை பிடுங்க வருகிற பெட்டைகள் வரம்பில் போனை வைத்து விட்டுச் சேற்றுக்குள் நின்று பாடினார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. என்ர மனுசி கூடக் கறிக்குத் தாளிக்கும்போது அந்த மெட்டை இழுக்கிறதைக் கேட்டிருக்கிறேன். கேட்டால் இல்லை என்பா.

ஒரு பின்னேரம் மகனிடம் கேட்டேன். "அந்த முதல் சொல்லு என்னடா? என்ன கருத்து?"

"மெனிக்கே அப்பா. பெட்டையளைச் செல்லமாக் கூப்பிடுறது. மாணிக்கம் எண்ட மாதிரி. மகே ஹித்தே எண்டால் என்ர மனசிலை."

அதுவரை பாட்டாகக் கேட்டது அப்போதுதான் சொல்லாகக் காதில் விழுந்தது. மெனிக்.

வன்னியில் இருந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2009இல் சண்டை முடிகிற நேரம் வெளியே வந்த எங்களை, இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை, முகாம்களில் வைத்திருந்தார்கள். அதில் பெரியது வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில் இருந்தது. அதன் பேர் மெனிக் பாம். காட்டை வெட்டி, செம்மண்ணைத் தள்ளி, வரிசையாகத் தறப்பாள் கூடாரம். சுற்றிவரக் கம்பி வேலி. கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று ஒவ்வொரு வலயத்துக்கும் பெரிய பெரிய மனிதர்களின் பேர். நாங்கள் இராமநாதனில். நானும் மனுசியும் என்ர அம்மாவும் மகனும். மகனுக்கு அப்போது ஐந்து வயது.

அம்மாவுக்கு "பாம்" என்ற சொல் வாயில் வராது. "மாணிக்கப் பாம்பு" என்றுதான் சொல்லுவா. ஆரும் எங்கே இருக்கிறியள் என்று கேட்டால், "மாணிக்கப் பாம்புக்குள்ளை இருக்கிறம் மோனை" என்பா. அந்த நிலைமையிலும் பக்கத்துக் கூடாரத்துச் சனம் சிரிக்கும். பிறகு அதுவே ஒரு கதையாகி விட்டது. இரவில் பிள்ளைகள் வெளியே போக வேண்டும் என்று அழுதால் அம்மா கதை சொல்லுவா. தலையில் மாணிக்கம் வைத்திருக்கிற ஒரு பாம்பு இந்தக் காட்டைச் சுற்றிப் படுத்திருக்குதாம். மாணிக்கத்தைக் கக்கி வைத்து விட்டு அந்த வெளிச்சத்தில் இரை தேடப் போகுமாம். அது போகிற நேரம் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக வேணுமாம். அதுவரைக்கும் சத்தம் போடாமல் படுக்க வேணுமாம்.

2010 தொடக்கத்தில் எங்களைக் கிளிநொச்சிக்கு விட்டார்கள். கண்ணிவெடி எடுத்து முடிந்த பிறகுதான் வயலில் இறங்கலாம் என்றார்கள். அதுவரை வரம்பில் நின்று பார்த்தோம். முகாமை 2012இல் மூடினார்கள். அம்மா 2015இல் வீட்டில், தன்ர பாயில் கிடந்து போனா. நல்ல சாவு. அதற்குப் பிறகு அந்தப் பேரை நாங்கள் வீட்டில் கதைப்பது குறைவு.

இப்போது என்ர வரம்பில் நின்று என்ர பிள்ளை அந்தச் சொல்லைச் செல்லமாகப் பாடுகிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கொண்டு மறுகரைக்குப் போய் விட்டேன்.

செப்டெம்பர் மாதம் அடுத்த கதை வந்தது. கடையடியில் நின்றபோது ஒருவர் கேட்டார், "அந்தப் பாட்டுப் பாடுற பிள்ளையின்ர தேப்பன் ஆர் எண்டு தெரியுமோ?" சிலருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. இராணுவத்தில் மேஜர் ஜெனரல் தரத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிச் சண்டையில் 55ஆவது படைப்பிரிவுக்குத் தளபதியாக இருந்தவர். இது ஒளித்து வைத்த கதை இல்லை, பத்திரிகைகளில் வந்ததுதான்.

கடையடி இரண்டாகப் பிரிந்தது. "தேப்பன் செய்ததுக்குப் பிள்ளை என்ன செய்யும்? அது அப்ப பள்ளிக்கூடம் போன பிள்ளை" என்றார் ஒருவர். "பிள்ளையைக் குற்றம் சொல்லேல்லை. ஆனா எங்கட கோயில் திருவிழாவிலை இந்தப் பாட்டைப் போடுறது சரியோ?" என்றார் இன்னொருவர். "அப்ப இஞ்சை கேக்கிற எல்லாப் பாட்டுக்கும் தேப்பன்மாரைத் தேடுவமோ?" என்று ஒரு பெடியன் கேட்டான். அவனுக்கு மறுமொழி சொல்ல ஒருவருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. எங்கட தலையில் விழுந்த ஷெல்லில் ஆருடைய பேரும் எழுதியிருக்கவில்லை. ஆர் எங்கே இருந்து அடித்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ஒருவர் தலையில் கட்டவும் மாட்டேன். ஆனால் மனம் நியாயம் பார்த்து நோகிறதில்லையே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் மகன் அதைத்தான் போட்டிருந்தான். வயரில் இல்லை, புளூடூத் பெட்டியில், வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"நிப்பாட்டு" என்றேன்.

"ஏனப்பா?"

"நிப்பாட்டு எண்டால் நிப்பாட்டு. போனிலை இருந்தும் அழி."

நான் அவனோடு அப்படிக் கத்தினது கிடையாது. பாட்டை நிப்பாட்டி விட்டு, பெட்டியைத் தூக்கிக் கொண்டு அறைக்குள் போய் விட்டான். இரவு சாப்பிட வரவில்லை. மனுசி என்னைப் பார்த்த பார்வையில் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் கத்தினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலிக்கு அந்தப்பக்கம் ஓர் அக்கா இருக்கிறா. அவவின் மூத்த பெடியன் 2009 தொடக்கம் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கினபோது, மகனின் படத்தை நெஞ்சில் பிடித்துக் கொண்டு போய் இருந்தவ. வெயிலில் போய் வந்து காலெல்லாம் வீங்கிப் போய் இருப்பா. அந்த மனுசியின் காதில் இந்தப் பாட்டு விழுமே என்று எனக்கு வெட்கம்.

அடுத்த நாள் காலையில் வேலியடியில் முருங்கையிலை ஆய்ந்து கொண்டு நின்றா. நானாகவே போய்க் கதையைத் தொடங்கினேன். "பெடியனுக்குச் சொல்லிப் போட்டன் அக்கா. இனிப் போட மாட்டான். குறை நினைக்காதையுங்கோ."

அவ இலையை ஆய்வதை நிப்பாட்டவில்லை. "எந்தப் பாட்டு? அந்தப் பிள்ளை பாடுறதோ? நல்லாத்தானே பாடுது."

"இல்லையக்கா, தேப்பன்..."

"தெரியும்" என்றா. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னா, "பாடட்டும் தம்பி. பெடியன் பாடட்டும். ஆனா ஆரின்ர பிள்ளை, என்ன நடந்தது எண்டு தெரிஞ்சு கொண்டு பாடட்டும். தெரியாமல் பாடுறதுதான் எனக்குப் பயம்."

வீட்டுக்குள் வந்து மகனைக் கூப்பிட்டு இருத்தினேன். அவனுடைய வயதுக்கு அதுவரை சொல்லாத சிலதைச் சொன்னேன். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட நாளில் இருந்து சொன்னேன். பாடுகிற பிள்ளையின் தகப்பனைப் பற்றியும் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். கடைசியில், "அந்த மெனிக் எண்ட சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த முகாம்தான் வரும். உனக்குச் சின்ன வயசு, ஞாபகம் இருக்காது" என்றேன்.

"ஞாபகம் இருக்கப்பா" என்றான். "அப்பம்மாவின்ர பாம்பு."

நான் பேசாமல் இருந்தேன்.

"முதல் தரம் அந்தப் பாட்டைக் கேக்கேக்கை எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மாணிக்கத்தைக் கக்கிப் போட்டுப் போகேக்கை நாங்கள் வீட்டை ஓடலாம் எண்டு அப்பம்மா சொல்லுவா. நான் நித்திரை கொள்ளாமல் பாத்துக் கொண்டு கிடப்பன். அதாலைதான் எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும்."

பாட்டு அழியவில்லை. சத்தம் மட்டும் குறைந்தது. பின்னேரம் அந்த அக்கா விளக்குக் கொளுத்துகிற நேரத்தில் அவனாகவே பெட்டியை நிப்பாட்டி விடுவான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வருடம் பாட்டை விடப் பெரிய சோலி ஒன்று எங்கட தலையில் ஏறியிருந்தது. 2021 மே மாதத்திலேயே இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை போட்டு விட்டார்கள். சிறுபோகம் இருந்த கையிருப்போடு ஒருமாதிரிப் போய் விட்டது. காலபோகத்துக்கு விதைக்கிற நேரம் ஒரு மூடை யூரியா எடுக்க வழியில்லை. சேதனப் பசளை நல்லதுதான், நானும் மாட்டெருவும் குழைத்தாளும் போடுகிறவன்தான். ஆனால் பல வருடமாக யூரியா தின்று பழகின நிலத்தை ஒரே போகத்தில் மாற்றுவது, பால்குடிப் பிள்ளைக்கு ஒரே நாளில் சோறு தீத்துகிற வேலை. ஒக்டோபரில் இந்தியாவில் இருந்து நனோ நைட்ரஜன் என்று ஒரு திரவப் பசளை விமானத்தில் வந்து இறங்கியது. எங்கட மகன் பகிடி விட்டான், "பாட்டு அங்கை போச்சு, பசளை இஞ்சை வந்திருக்கு." நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பயிருக்குத் தேவைப்பட்ட நேரம் கடந்து விட்டது. குடலைப் பருவத்தில் பச்சையாக நிற்க வேண்டிய வயல் மஞ்சள் பூசின மாதிரி நின்றது.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். தொலைக்காட்சிச் செய்தியில் அனுராதபுரத்துச் சனமும் பொலநறுவைச் சனமும் வயலில் நின்று கத்துகிறார்கள். அவர்களின் நெல்லும் எங்கட நெல்லின் நிறத்தில்தான் நின்றது. அவர்கள் கத்தினது எனக்கு மொழி தெரியாமலே விளங்கியது.

2022 மார்ச்சில் வெட்டு. டீசல் தட்டுப்பாடு தொடங்கி விட்டது. வெட்டு மெசின் பிடிக்கிறதே பெரும்பாடு. கடைசியில் பொலநறுவைப் பக்கத்தில் இருந்து ஒரு மெசின் வந்தது. ஓட்டி வந்தவனுக்கு இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயது இருக்கும். நாலு ஏக்கரையும் வெட்டி முடிய முப்பத்தாறு மூடை. நல்ல காலத்தில் ஒரு ஏக்கரில் இருபத்தைந்து மூடை கண்ட நிலம் அது. மூடைகளை எண்ணி விட்டு வரம்பில் குந்தினேன். மனுசி தேத்தண்ணி கொண்டு வந்து அவனுக்கும் கொடுத்தா.

தேத்தண்ணியை வாங்கின நேரம் அவனுடைய போன் அடித்தது. அதே பாட்டு. என்ர மகன் சிரித்தான், அவனும் சிரித்தான். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு வரி பாடினார்கள். மகனுடைய உச்சரிப்பை அவன் திருத்தினான்.

எனக்கு முகாமிலும் பிறகும் பொறுக்கின சிங்களம் கொஞ்சம் வரும். அவனிடம் கேட்டேன், மெனிக்கே என்றால் சரியாக என்ன? அவன் என்னை "மாமா" என்றுதான் கூப்பிட்டான். சிங்களத்திலும் மாமா மாமாதான். மாணிக்கம் என்று சொன்னான். கண்டிப் பக்கத்துப் பெண்களின் பேருக்குப் பின்னாலும் மெனிக்கே வரும், தன்னுடைய பாட்டியின் பேரும் மெனிக்கேயில்தான் முடியும் என்றான். மலைநாட்டுக்கு ஓடுகிற ரயிலுக்குக் கூட உடரட்ட மெனிக்கே என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றான். பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவனுடைய முகம் மாறியது. அவதான் தன்னை வளர்த்தவவாம். அவர்களின் வயலில் ஏக்கருக்குப் பத்து மூடை கூட வரவில்லையாம். கடன் கட்டத்தான் மெசினோடு வடக்குக்கு வந்திருக்கிறானாம்.

எனக்கு ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியதோ தெரியாது. "மெனிக் பாம் தெரியுமா?" என்றேன்.

யோசித்தான். "மாணிக்கம் தோண்டுற இடமா மாமா? இரத்தினபுரிப் பக்கமோ?"

மகன் என்னைப் பார்த்தான். வேலிக்கு அந்தப்பக்கத்து அக்கா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"இல்லை தம்பி. செட்டிகுளத்திலை. சண்டை முடிய எங்களை வச்சிருந்த இடம்" என்றேன். சிங்களத்தில் எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். மகனைக் காட்டி, "இவனுக்கு அப்ப ஐஞ்சு வயசு" என்றேன். விரலையும் காட்டினேன், எண்ணில் பிழை விடக் கூடாது என்று.

அவன் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தான். "தெரியாது மாமா" என்றான். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அவன் செய்த வேலை இல்லையே அது. போகும்போது கூலியில் கொஞ்சத்தைக் குறைத்தான். நான் வாங்க மாட்டேன் என்றேன். அவனுக்கும் கடன், எனக்கும் கடன். கடைசியில் பாதி வழியில் ஒத்துக் கொண்டோம். ஒரு முருங்கைக்காய்க் கட்டை மனுசி மெசினில் ஏற்றி விட்டா.

மகன் இப்போது ருகுணு பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறான். தெற்கே, எங்களுக்கு நாட்டின் மறுகரை. அறையில் கூட இருக்கிற பெடியள் சிங்களவர்கள். இப்போது நன்றாகச் சிங்களம் கதைக்கிறான் என்று மனுசி ஊரெல்லாம் சொல்கிறா. போன முறை வந்தபோது கேட்டேன், "இப்ப அந்தப் பாட்டு முழுக்க விளங்குதோ?"

"விளங்குது அப்பா."

"என்ன சொல்லுது?"

"பெரிசா ஒண்டுமில்லை. ஒரு பெட்டையிலை விருப்பம் வந்து மனம் ஒரு இடத்திலை நிக்குதில்லை எண்டதுதான்." சிரித்து விட்டுச் சொன்னான், "விளங்காமல் கேக்கேக்கைதான் கூட நல்லா இருந்தது."

அறைப் பெடியளுக்கு அப்பம்மாவின் பாம்புக் கதையைச் சொன்னானாம். அது என்ன காடு என்று கேட்டார்களாம். சொன்னானாம். ஒருவன் மட்டும் எழும்பி வெளியே போய் விட்டானாம். மற்றவர்கள் இருந்து கேட்டார்களாம். வெளியே போனவனுடைய தகப்பனும் ஆமியில் இருந்தவராம், காலில்லாமல் வந்தவராம். இரண்டு நாள் கழித்து அவன் வந்து மிச்சக் கதையைக் கேட்டானாம். மகனும் அவனுடைய தகப்பனின் கதையைக் கேட்டானாம். இதைச் சொல்லும்போது அவன் பெருமைப்படவில்லை. அதுதான் எனக்குப் பெருமை.

ஒரு காதல் பாட்டு எங்கட காயத்தை ஆற்றி விட்டது என்று நான் எழுத வரவில்லை. ஆற்றவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் அக்கா இன்னும் பின்னேரம் விளக்குக் கொளுத்துகிறா, படத்துக்கு மாலை போடாமல். மாலை போட்டால் செத்தவன் என்று ஆகி விடும் என்று சொல்லுவா. பாட்டு வந்ததால் அவவின் பிள்ளை வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டு வராமல் இருந்திருந்தால் என்ர பிள்ளையை இருத்தி வைத்து அந்தக் கதையை நான் சொல்லியிருக்க மாட்டேன். அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்றும் எனக்குத் தெரிந்திருக்காது. பன்னிரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் கேட்கவில்லை.

மனுசிக்கு இதை வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டு விட்டு, "அது சரி, மிச்சக் காசு?" என்றா. நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றேன். நாளைக்கு விடிய நாலு மணிக்கு வாய்க்கால் தண்ணி எங்கட முறை. அது முடியத்தான் போக வேணும்.